எதை விடணும்?

“ரெண்டுல எதை விடணும், சார்?”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி மலர்விழி கேட்டாள். போன மாதம்தான் கல்லூரி முடித்ததாகச் சொல்லியிருந்தாள். ஐந்து பேரை வைத்து ஆப் செய்து கொடுக்கும் குருவின் தர்மபுரி ஆபீசுக்கு யோசனை கேட்க வந்திருந்தாள். நல்லம்பள்ளியிலிருந்து கூட்டிவந்த அப்பா மாதேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டிசைனும் வருது, புரோகிராமும் வருதுங்க. இன்டர்வியூல நீ டிசைனரா, புரோகிராமரான்னு கேக்குறாங்க. ரெண்டும்னு சொன்னா சிரிக்கிறாங்க.”

குரு சர்க்கரை போடாத டீயை அவள் பக்கம் நகர்த்தினான். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். தக்காளி போடுகிறவர்கள் அன்றைய விலையைப் பார்க்க ஒரு ஆப். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி படங்கள் வரைந்திருந்தாள். எந்தப் பட்டனைத் தட்டினாலும் தடங்கலில்லாமல் திறந்தது.

“எதையும் விடாதீங்க” என்றான் குரு. “பெரிய கம்பெனில ஒரு வேலைக்கு ஒரு ஆளு. சின்ன கம்பெனியாப் பாருங்க. அங்க டிசைனருக்கும் புரோகிராமருக்கும் தினம் சண்டை. ரெண்டு பேரு பேசுறதும் புரியிற ஆளு கெடைச்சா விட மாட்டாங்க. ரெண்டும் தெரியும்னு வாயில சொல்லாதீங்க. இந்த ஆப்பைக் காட்டி, மொதல் படத்துலருந்து கடைசி பட்டன் வரைக்கும் நான் பண்ணதுன்னு சொல்லுங்க.”

“இங்க வேலை கெடைக்குங்களா?”

“எப்ப வேணா வாங்க. ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு.”

அவள் முகம் மலர்ந்தது. “யாருமே எனக்கு இப்படிச் சொன்னதில்ல, சார்.” கைகூப்பிவிட்டு, கீழே நின்ற ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

குரு ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாதேஸ்வரன் உள்ளே வந்தார்.

“நேத்து வந்ததும் ஞாபகமில்லீங்க அவளுக்கு. பைபாஸ்ல தலையில அடிபட்டதுலருந்து காலேஜ் முடிச்ச நாளோடயே நிக்கிறா, அதுக்கப்புறம் நடந்தது ஒண்ணும் நெனப்புல இல்ல. விடிஞ்சா, ‘யாருகிட்டயாவது யோசனை கேக்கணும்ப்பா’ன்னு கெளம்பிடுறா. வேற எங்க கூட்டிட்டுப் போவேன், சொல்லுங்க.”

குரு தலையை ஆட்டினான்.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் கை வைத்தார்.

“நாளைக்காவது கொழந்தையை அவகிட்டக் காட்டிப் பாக்கலாமுங்களா, மாப்ள?”