பிரசன்ட் சார்

குமணனுக்கு வந்த வைரஸ் காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. களைப்பு மட்டும் போகவில்லை. பல் துலக்கிவிட்டு வந்தால் மறுபடி படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வைரஸ் இன்னும் உடம்பில் எங்காவது பதுங்கியிருக்கலாம் என்றார் ஒரு டாக்டர். கார்டிசால் என்ற ஹார்மோன் கொஞ்சம் குறைவு, ஆனால் அதுதான் காரணமா என்று சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். சோம்பேறித்தனம் என்றார் அப்பா. அவர் ஒருவருக்குத்தான் சந்தேகமே இல்லை.

கல்லூரி வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவனுக்குப் பதிலாக அறைத்தோழன் ரியாஸ் குரல் கொடுத்துவந்தான். விஷயம் துறைத்தலைவர் காதுக்குப் போனது. திங்கட்கிழமை ஆள் நேரில் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். ரியாஸ் தோளில் தொங்கியபடி மாடி ஏறி வந்து, கடைசி பெஞ்சில் மேசைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டான் குமணன். மேசை குளிர்ச்சியாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

"குமணன்."

"பிரசன்ட் சார்" என்றான் ரியாஸ், பழக்கதோஷத்தில்.

வகுப்பு சிரித்தது. துறைத்தலைவர் பேனாவை மூடினார். "என் முன்னாடியேவாடா? எங்க அவன்?"

"இங்கதான் சார் இருக்கான். சத்தியமா வந்துட்டான் சார்."

"தூங்க வந்தவனுக்கெல்லாம் பிரசன்ட் கிடையாது. அவன் வாயால சொல்லட்டும்."

"மச்சான், ஒரே ஒரு தடவ சொல்லிருடா" என்று ரியாஸ் அவனை உலுக்கினான்.

குமணன் தலையைத் தூக்கினான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தான். வகுப்பு முழுக்கத் திரும்பி அந்த வாயையே பார்த்தது.

முதலில் வந்தது ஒரு கொட்டாவி.