மலிவான பெட்டி

"கொம்பிரசர் பெட்டி ரெண்டு கிடக்கு அண்ணை," என்றார் கொக்குவில் ஒலிபெருக்கிக் கடைக்காரர் செல்வரட்ணம். "ரெண்டும் கத்துற குரலை அமத்தும். அது விலை கூட. பாடாத நேரம் மைக்கைத் தானாய் மூடும். இது மலிவு, முணுமுணுப்பையும் தூக்கிக் குடுக்கும்."

"மலிவானது காணும்," என்றார் மாதா கோயிலில் ஒலிபெருக்கியைப் பார்க்கும் லியோன். "மகன் படகேறின நாளிலை இருந்து மனிசி பூசையிலை மைக்கிலை பாடேக்கை கத்துறாள். அவன் அக்கரை சேர்ந்திட்டான் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

ஞாயிறு பூசையில் மனைவி லூர்த்தம்மாவின் கத்தலைப் பெட்டி அடக்கியது. பாட்டு முடிந்ததும் அவளுடைய முணுமுணுப்பு கோயில் முழுக்கக் கேட்டது.

"மாதாவே, மகன் செத்தது எனக்குத் தெரியும். என்ரை மனிசனுக்கு மட்டும் தெரியவேண்டாம்."

பெட்டியை நிறுத்தப் போன லியோனின் கை அந்தரத்தில் நின்றது. கரையொதுங்கிய மகனின் உடலை ஒருவருக்கும் சொல்லாமல் புதைத்த கை அது.