பழசுக்கான வரி

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் வள்ளித்தாயும் அவள் புருஷன் பெருமாளும் புரோகிராம் தயாரித்து விற்றார்கள். கம்ப்யூட்டர் இரண்டு, புதுசும் பழசும். இரண்டையும் இயக்குவது யூனிக்ஸ்தான். ஆனால் கட்டளையை வாங்கிச் செய்யும் ஷெல் வேறு வேறு. புதுசுக்குப் புரிகிற கட்டளை பழசுக்குப் புரியாது, பாதியில் நின்றுவிடும். அதனால் வேலையை வரிவரியாகச் சொல்லும் ஸ்கிரிப்டில் புதுசுக்கான வரியை எழுதிவிட்டு அவள் சாப்பிடப் போவாள். 'பழசு என்றால் அதற்குப் பதில் இது' என்று பழசுக்கானதை அவர் கீழே சேர்ப்பார்.

"எந்த ஊருன்னு கேட்டுட்டுல்லா ஒரு ஆள்ட்ட பேச்சுக் கொடுக்கோம்? மிஷினும் அப்படித்தான்" என்பார். வரியின் ஓரத்தில், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக, 'சாப்ட்டியா' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பார்.

அவர் தவறிய மறுவருஷம், எண்பத்தெட்டாம் வருஷச் சாரல் சீசனில், பழசை வாங்க ஆலங்குளத்தில் ஆள் பார்த்திருந்தான் கொழுந்தன் கோமதிநாயகம். அவர் போனபின் பழசுக்கானதையும் தட்டுத்தடுமாறி அவளே எழுதிவந்தாள். அன்று பழைய ஞாபகத்தில் புதுசுக்கு மட்டும் எழுதிவிட்டு அவள் சாப்பிடப் போய்விட்டாள். திரும்பி வந்து இரண்டிலும் ஓட்டினாள். பழசு பாதியில் நிற்கவில்லை. ஸ்கிரிப்டைத் திறந்தாள். அவள் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஓரத்தில் 'சாப்ட்டியா'.

அப்போதுதான் படியேறி வந்த கொழுந்தனிடம், "நீயா சேத்த?" என்றாள்.

"பழசோட பாஷை எனக்கு எங்க மைனி தெரியும்?"

ஜன்னல் வழியே பழசின் மேல் விழுந்திருந்த சாரலை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"ஆலங்குளத்துக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிரு. இது இங்கனயே கெடக்கட்டும்."

பழசின் பாஷை இப்போது அவளுக்கும் அத்துப்படி. ஆனாலும் புதுசுக்கு மட்டும்தான் எழுதுவாள். பிறகு, பசிக்காவிட்டாலும், எழுந்து சாப்பிடப் போவாள்.