ஈ விழுந்த வலை

காற்றில் கிழியாத வலை ஒன்றைப் பின்னிய சிலந்தி, அதை அறிஞர் சபையில் கொண்டுபோய்க் காட்டியது.

சபைத் தலைவரான பல்லி கேட்டது: “ஈ விழுதா?”

“தினமும் விழுதுங்க ஐயா.”

“அப்போ இது வெறும் வேலை. இதுல ஆராய்ச்சி எங்கே? கோட்பாடு எங்கே?”

சிலந்தி வீடு திரும்பி வலையைப் பிரித்துப் போட்டது. வலை என்றால் என்ன என்று மழைக்காலம் முழுக்கப் பட்டினியோடு எழுதியது. சபை கைதட்டி, ஒரு நாற்காலியும் கொடுத்தது. அதற்குள் சிலந்திக்கு நூல் விடவே மறந்துபோயிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே ஓர் இளம் சிலந்தி தன் வலையோடு வந்து நின்றது. அதில் கொழுத்த ஈ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

நாற்காலிச் சிலந்தி அந்த ஈயை எடுத்துத் தின்றது. வாயைத் துடைத்துக்கொண்டது.

“எல்லாம் சரி தம்பி. இதுல ஆராய்ச்சி எங்கே?”