பதினெட்டு விதி காணோம்

"என் விதியில கை வைக்க நீங்க யாரு பாய்?"

லஸ் பக்கத்துச் சந்தில், ஷாஹுல் ஹமீது பாயின் அச்சகத்தில் நின்று கத்தினேன். மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினேன்.

கத்தாமல்? பபிள்கம் பாக்கெட்டுக்கு ஒன்றாக வரப்போகிற விளையாட்டுச் சீட்டு. அறுபது சீட்டும் சேர்த்தால் ஒரு ராஜ்ஜியம். சேர்த்ததை வைத்து எதிராளியோடு சண்டை போடலாம். அதற்காக இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு இருபத்திரண்டு விதி எழுதினேன். திங்கட்கிழமை ப்ரூஃபைத் திருத்தி, ஸ்கூல் போகிற வழியில் பாயிடம் கொடுக்கச் சொல்லி மகள் ஹம்சாவிடம் அனுப்பினேன். இன்று மாதிரித் தாளைப் பார்த்தால் நாலே நாலு விதி!

"நான்தான் சார் எடுத்தேன்" என்றார் பாய். "இன்டர்வெல் பத்து நிமிஷம். அதுக்குள்ள பசங்க ஒரு ஆட்டம் முடிக்க வேணாமா?"

"பெரிய நம்பர் ஜெயிக்கும்னு வெச்சா அது ஆட்டமா? மந்திரி இருந்தா கோட்டை விழாது, ஒற்றன் வந்தா மந்திரி செல்லாது... அதெல்லாம் எங்கே?"

"மழைச் சீட்டு விழுந்தா யானை நகராது. அதை விட்டு வெச்சிருக்கேனே சார்."

"பெரிய மனசு! பாய், என் ஹம்சாவுக்குப் பத்து வயசு. இருபத்திரண்டையும் வெச்சு தினம் என்கூட ஆடறா. ஒரு நாள் புரியலைன்னு சொன்னதில்லை. உங்களுக்குப் புரியலைன்னா ஊர்ப் பசங்க எல்லாம் முட்டாளா?"

பாய் மேஜைமேல் கிடந்த ஒரு தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெஷினைப் பார்த்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பதினஞ்சு வருஷப் பழக்கம் இன்னியோட சரி. நான் வேற பிரஸ் பார்த்துக்கறேன். திருத்தின ப்ரூஃபை எடுங்க!"

"அது எதுக்கு சார்? நான்தான்னு ஒத்துக்கறேனே. திட்டணும்னா என்னைத் திட்டிட்டுப் போங்க."

அவர் உள்ளங்கையால் மூடியிருந்த தாளைப் பிடுங்கினேன்.

பதினெட்டு விதியிலும் சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் 'புரியல', 'புரியல', 'இதுவும் புரியல'. யானை விதிக்கு மட்டும் 'சூப்பர்'. தினம் ஹோம்வொர்க் நோட்டில் நான் பார்க்கிற அதே குண்டு குண்டுக் கையெழுத்து.

தாளின் அடியில் ஒரு வரி இருந்தது.

'ஹமீது மாமா, கோடு போட்டது நான்தான்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கத்துவார்.'