பட்டைக்குள் பச்சை

வாசல் கேட்டை ஒட்டி மகன் பரிதி நட்டுவைத்த பவளமல்லி, இடுப்புயரத்துக்கு மேல் வளராத குட்டை ரகம். விபத்துக்குப் பிறகு அவன் கண் திறக்காமல் கட்டிலில் கிடந்த அந்தப் பனிக்காலத்தில், செடி ஓர் இலை விடாமல் உதிர்த்துவிட்டு வெறும் குச்சிகளாக நின்றது. “சாகலைங்க, தூங்குது” என்ற நர்சரிக்காரர் ஒரு கிளையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். பட்டைக்குள் பச்சை தெரிந்தது. “இது இருக்கிற வரைக்கும் உசிரு இருக்குங்க. வெயில் வந்தா துளுத்துக்கும்.”

அன்றிலிருந்து தணிகாசலம் காலையில் எழுந்ததும் ஒரு கிளையைச் சுரண்டிப் பச்சையைப் பார்ப்பார். அந்தக் கையோடு உள்ளே வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்ததைப்போல மகனின் உள்ளங்காலில் சாவியால் அழுத்திக் கோடு இழுப்பார். என்றைக்காவது பெருவிரல் லேசாக அசையும். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பங்குனி வெயில் ஏறியும் துளிர் வரவில்லை. மறுபடி வந்த நர்சரிக்காரர் குனிந்து பார்த்தார். ஒரு கிளை மிச்சமில்லாமல் பட்டை சுற்றிலும் உரிந்து, உள்கட்டை வெளுத்துக் காய்ந்திருந்தது. “யாருங்க இப்பிடிச் சுரண்டுனது? சும்மா விட்டிருந்தாலே பொழச்சிருக்குமே.”

தணிகாசலம் உள்ளே வந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குள் இருந்த சாவிக்குப் போனது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி வேதவல்லி, புண்ணாகிப்போன மகனின் பாதங்களை மடியில் இழுத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவை, வேதா” என்றார்.