வெளியேறாதவர்

மருத்துவமனை சர்வரை நிறுத்தக் கூடாது. டிஸ்க் நிரம்பிவிட்டதால் நோயாளிகளின் பதிவுகளைப் பேக்கப் எடுக்கவும் முடியவில்லை. தமயந்தி பெரிய பழைய கோப்பு ஒன்றை அழித்தாள். அப்படியும் இடம் கூடவில்லை.

“எந்தப் புண்ணியவானோ அதைத் திறந்து வச்சிருக்கான். அவன் வெளிய வந்தாத்தான் இடம் கிடைக்கும். யாருன்னு பாருங்கக்கா,” என்றான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரிஸ்வான்.

பார்த்தாள். இளம்பரிதி. அவள் கணவன். நாற்பத்தொரு நாளுக்கு முன் இதே நாற்காலியிலிருந்து சாப்பிட எழுந்துபோய், சாலை விபத்தில் இறந்தவன். அவன் இன்னும் உள்ளே வேலையில் இருப்பதாகத் திரை காட்டியது.

“நானே வெளியேத்திடவா?” என்று கேட்டான் ரிஸ்வான்.

“கேக்காம எப்படிப்பா? சேவ் பண்ணாத வேலை ஏதாச்சும் இருக்கும்ல.”

“அப்ப போன் போட்டுக் கேளுங்கக்கா.”

தமயந்தி இளம்பரிதியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.